ஸ்நேக் பிளான்ட் ராத்திரில ஆக்சிஜன் விடுமா? வெளிச்சமே இல்லாம எப்படி?

உறையூர்_மாடி

எல்லாருக்கும் வணக்கம். கறிவேப்பிலை கன்னு வாங்கத்தான் நர்சரிக்குப் போனேன், அங்க இருந்தவர் ஸ்நேக் பிளான்ட்டைக் காட்டி "இது ஆக்சிஜன் செடிம்மா, மத்ததெல்லாம் பகல்லதான் விடும், இது ராத்திரி பூரா விடும், பெட்ரூம்ல வைங்க"ன்னு சொல்லி 450 ரூபாய்க்குத் தலைல கட்டிட்டார். அம்மாவுக்கு வீசிங் இருக்கு, அதான் வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்தா எட்டாவது படிக்கிற பொண்ணு கேக்குறா, "வெளிச்சம் இருந்தாதானே போட்டோசிந்தசிஸ் நடக்கும்னு மிஸ் சொன்னாங்க, லைட்டை அணைச்சப்புறம் இது எதை வச்சு ஆக்சிஜன் தயாரிக்கும்?"னு. எனக்கு பதில் தெரியல. நெட்ல தேடுனா எல்லா சைட்டும் நர்சரிக்காரர் சொன்னதையேதான் திருப்பிச் சொல்லுது. எங்க அத்தை வேற ஃபோன் பண்ணி "ராத்திரி செடியைப் பக்கத்துல வச்சுப் படுத்தா மூச்சு முட்டும், புளியமரத்தடில படுக்காதேன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னு பயமுறுத்துறாங்க. இதுல எது நிஜம்? அம்மா ரூம்ல வைக்கலாமா கூடாதா?

ஃபார்வர்டு_மாமா

தாராளமா வைக்கலாம் மேடம். ஸ்நேக் பிளான்ட், கத்தாழை, துளசி, அரசமரம் இந்த நாலும் 24 மணி நேரமும் ஆக்சிஜன் விடும். அரசமரத்தடில பிள்ளையாரை வச்சதே அதுக்காகத்தான். நாசாவே ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்கு.

தாவரவியல்_தாத்தா

மாமா கோவிச்சுக்காதீங்க, நாலுமே ராத்திரி விடாது. பிள்ளையாரை இதுல இழுக்க வேண்டாம், அவர் நிழலுக்கு உக்காந்திருக்கார்.

உறையூர் மேடம், உங்க பொண்ணு பிடிச்ச பாயிண்ட் ரொம்ப சரி. கொஞ்சம் பொறுமையா எழுதுறேன், அவளையும் பக்கத்துல உக்கார வச்சுப் படிங்க.

வெளிய வர்ற ஆக்சிஜன் எதுலேருந்து வருதுன்னு தெரிஞ்சாலே பாதிக் குழப்பம் போயிரும். செடி கார்பன் டை ஆக்சைடை இழுத்து, அதுல இருக்கிற கார்பனை வச்சுக்கிட்டு ஆக்சிஜனைத் துப்பிருதுன்னுதான் நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. ஆனா அது வேர் உறிஞ்சுன தண்ணிலேருந்து வருது. 1941ல அமெரிக்காவுல ரூபன், கேமன்னு ரெண்டு பேரும் அவங்க கூட்டாளிங்களும் ஒண்ணு பண்ணாங்க. ஆக்சிஜன்-18னு கொஞ்சம் கனமான ஒரு வகை ஆக்சிஜன் இருக்கு. அது கலந்த தண்ணியைப் பாசிக்குக் குடுத்தா, வெளிய வந்த வாயுவுல அந்தக் கனமானது தெரிஞ்சுது. அதையே கார்பன் டை ஆக்சைடு பக்கம் (இனி சுருக்கமா கார்பன்னே சொல்றேன்) ஏத்திக் குடுத்தப்போ வாயுவுல வரல. அப்ப உடைஞ்சது தண்ணிதான்.

தண்ணி லேசுல உடையுற பொருள் இல்ல பாத்துக்கோங்க. அடுப்புல எவ்வளவு நேரம் கொதிக்க வச்சாலும் ஆவியாப் போகுமே தவிர ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா பிரியாது. இலைல இது எப்படி நடக்குதுன்னா, பச்சையத்துல வெளிச்சம் பட்டதும் அதுலேருந்து ஒரு எலக்ட்ரான் எகிறிப் போயிரும். போன இடத்துல ஒரு காலி விழுந்துரும், அந்தக் காலிக்கு எலக்ட்ரான் மேல அப்படி ஒரு பசி, பக்கத்துல இருக்கிற ஒரு சின்னக் கொத்து மூலமா தண்ணிலேருந்து பிடுங்கிரும். அந்தக் கொத்துல இருக்கிறது நாலு மாங்கனீசு அணு, ஒரு கால்சியம் அணு, அதுங்களைக் கோக்குற ஆக்சிஜன், அவ்வளவுதான். நாலு தடவை பிடுங்குனா ரெண்டு தண்ணி மூலக்கூறு காலி, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிய. பூமில நாம சுவாசிக்கிற ஆக்சிஜன் கிட்டத்தட்ட மொத்தமும் இந்தக் கொத்து வழியாத்தான் வந்திருக்கு, நினைச்சா எனக்கு இன்னைக்கும் புல்லரிக்கும்.

லைட்டை அணைச்சா என்ன ஆகும்? எலக்ட்ரான் எகிறாது. எகிறாட்டி காலி விழாது, காலி விழாட்டி தண்ணி உடையாது. ஆக்சிஜன் அத்தோட நின்னுரும். ஸ்நேக் பிளான்ட்டா இருந்தாலும் சரி அரசமரமா இருந்தாலும் சரி, இதுல விதிவிலக்கே கிடையாது.

எகிறுன எலக்ட்ரான் சும்மா போகாது, ஒரு சவ்வு வழியா கைமாறிக் கைமாறிப் போகும்போது ஹைட்ரஜன் அயனிகளை சவ்வுக்கு ஒரு பக்கமாத் தள்ளிச் சேத்துரும். மேட்டூர்ல தண்ணியைத் தேக்கி மதகு வழியா விட்டு டர்பைன் சுத்துறாங்கல்ல, அப்படி அந்த அயனிகள் திரும்பி வர்ற வழில ஒரு புரதம் நிஜமாவே சுத்துது, அந்தச் சுத்துலதான் ஏடிபி தயாராகுது. இந்த ஏடிபியும், எலக்ட்ரான் கடைசியாப் போய்ச் சேர்ற என்ஏடிபிஹெச்சும்தான் வெளிச்சத்துலேருந்து செடி எடுத்து வச்ச காசு. இதைச் செலவு பண்ணி ருபிஸ்கோங்கிற என்சைம் பிடிச்சுக் குடுக்கிற கார்பனை சர்க்கரையா மாத்திக்கும். ருபிஸ்கோ மாதிரி சோம்பேறியைப் பாக்க முடியாது, நொடிக்கு ஒரு மூணு கார்பனைத்தான் பிடிக்கும், சில சமயம் கார்பனுக்குப் பதிலா ஆக்சிஜனையே பிடிச்சுத் தொலைக்கும். அதனாலதான் இலை நிறைய நிறைய ருபிஸ்கோவைச் செஞ்சு ரொப்பி வச்சிருக்கு. இப்படிக் கார்பன் சர்க்கரையாகுற சுழற்சியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் அமெரிக்க விஞ்ஞானி கால்வினுக்கு 1961ல நோபல் குடுத்தாங்க.

நர்சரிக்காரர் சொன்னதுல கால்வாசி உண்மை எங்க இருக்குன்னு அடுத்து எழுதுறேன், கண்ணு வலிக்குது.

கீரைக்கட்டு

தாத்தா அடுத்ததை எழுதுறதுக்குள்ள ஒரு சந்தேகம். நான் கீரை போடுற ஆளு. பருப்புக்கீரை விடியக்காலம் பறிச்சா புளிப்பு தூக்கலா இருக்கும், அதே பாத்தில சாயங்காலம் பறிச்சா அவ்வளவு புளிக்காது. அதுவும் தண்ணி பாய்ச்சாம ரெண்டு மூணு நாள் காயப்போட்ட பாத்தின்னா வித்தியாசம் நல்லாத் தெரியும். வாங்குறவங்க "நேத்து கீரை வேற மாதிரி இருந்துச்சே"ன்னு கேப்பாங்க. எங்கப்பா "பனி இறங்குது, அதான் புளிப்பு"ன்னு சொல்லுவார். இதுக்கும் நீங்க சொல்றதுக்கும் சம்பந்தம் உண்டா?

தாவரவியல்_தாத்தா

அண்ணே, நான் எழுத வந்ததே இதைத்தான், நீங்க வாயில போட்டே கண்டுபிடிச்சிட்டீங்க.

இலைல ஸ்டொமேட்டான்னு கண்ணுக்குத் தெரியாத வாய் இருக்கு. கார்பன் உள்ள வரணும்னா அது திறக்கணும், திறந்தா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போயிரும். நெல்லு, கத்தரி, மாமரம் எல்லாம் பகல்ல திறந்து வச்சிக்கும், தண்ணி கிடைக்குது, கவலையில்ல. வறண்ட இடத்துல வளர்ற கள்ளி, கத்தாழை, மருள் இதுங்க பகல்ல திறந்தா அன்னைக்கே கருகிரும். அதனால வாயை ராத்திரில திறக்கும், குளிர்ந்த காத்துல கார்பனை உள்ள இழுத்து மாலிக் அமிலமா மாத்தி, செல்லுக்குள்ள இருக்கிற குமிழில ரொப்பி வச்சுக்கும். மாலிக் அமிலம்னா ஆப்பிளுக்குப் புளிப்பு குடுக்குதே அதேதான். விடிஞ்சதும் வாயை இறுக்கி மூடிட்டு, ராத்திரி சேத்த அமிலத்தை உடைச்சு அந்தக் கார்பனை எடுத்து, வெயிலை வச்சு சர்க்கரை பண்ணும். சாயங்காலம் ஆகுறதுக்குள்ள புளிப்பு தீந்திரும்.

இதுக்கு கேம் வகைன்னு பேரு. அன்னாசி, டிராகன் ஃப்ரூட், ஆர்க்கிட்ல நிறைய, பிரண்டைத் தண்டு எல்லாம் இந்த வகைதான். பருப்புக்கீரை இதுல ஒரு கில்லாடி, தண்ணி இருக்கும்போது கரும்பு சோளம் மாதிரி சி4ங்கிற, பகல்லேயே கார்பனைப் பிடிக்கிற வழில வேலை பாக்கும், தண்ணி காஞ்சா கேமுக்கு மாறிக்கும். நீங்க காயப்போட்ட பாத்தில புளிப்பு ஏறுறது அதனாலதான். உங்கப்பா சொன்ன பனிக்குப் பங்கு இல்ல, ஆனா ராத்திரிக்கு இருக்கு.

உறையூர் மேடம், ஸ்நேக் பிளான்ட்டும் கேம்தான், நம்மூர் மருளுக்கு ஆப்பிரிக்கச் சொந்தக்காரன். ராத்திரி அது கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுக்குது, இது உண்மை. இதைக் கேட்ட யாரோ ஒருத்தர் "கார்பனை இழுத்தா ஆக்சிஜன் வரணுமே"ன்னு தானாக் கூட்டிக் கழிச்சுப் பரப்பி விட்டுட்டாங்க. இழுக்கிறது ராத்திரி, தண்ணி உடைஞ்சு ஆக்சிஜன் வர்றது பகல். அந்த ரெண்டையும் நேரம் பிரிச்சு வச்சுக்கிட்டதுதான் இந்தச் செடியோட சாமர்த்தியமே.

தரங்கை_அலை

இந்த காலைப் புளிப்பு கதைக்கு நம்ம ஊர்த் தொடர்பு ஒண்ணு இருக்கு, எழுதாம போக மனசு வரல. பெஞ்சமின் ஹெய்ன்னு ஒரு ஜெர்மன்காரர், தரங்கம்பாடிக்கு மொராவியன் மிஷன் ஆளா வந்தவர், அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மெட்ராஸ் மாகாணத்துல தாவரவியல் ஆளா வேலை பாத்தார். 1813ல லண்டன்ல இருக்கிற லாம்பர்ட்டுங்கிற தாவரவியல்காரருக்கு ஒரு லெட்டர் எழுதுறார். நாம "கட்டிப்போட்டால் குட்டி போடும்"னு சொல்ற ரணகள்ளி இருக்குல்ல, இலை ஓரத்துலேயே குட்டிச்செடி முளைக்குமே, அதோட இலையை மென்னு பாத்திருக்கார் மனுஷன். காலைல புளிக்கீரை மாதிரி புளிப்பு, மத்தியானம் ருசியே இல்ல, சாயங்காலம் லேசாக் கசப்புன்னு எழுதியிருக்கார். 1815ல அங்க இருக்கிற லின்னேயன் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கம் அதை அச்சுல போட்டுச்சு. ஏன் அப்படின்னு முழுசா வெளங்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

கீரைக்கட்டு அண்ணன் லண்டனுக்கு லெட்டர் போடல, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

ஏசி_மெக்கானிக்_பாண்டி

நான் செடி படிச்சவன் இல்ல, ரூமுக்குக் காத்துக் கணக்கு போடுறவன். அந்தப் பக்கத்துலேருந்து சொல்றேன்.

10க்கு 10 ரூம், உயரமும் 10 அடின்னு வச்சுக்கோங்க. மொத்தக் காத்து 28,000 லிட்டர் சொச்சம். அதுல 21 சதவீதம் ஆக்சிஜன், ஏறக்குறைய 5,900 லிட்டர். தூங்குற ஒரு ஆளு மணிக்கு 15 லிட்டருக்குள்ளதான் எடுப்பாரு, 8 மணி நேரத்துக்கு 120 லிட்டர் போட்டாலும் கதவு ஜன்னல் இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைச்சாக்கூட 21 சதவீதம் 20.6க்கு வரும், அவ்வளவுதான். ஆக்சிஜன் பத்தாமப் போறதுங்கிற பேச்சே வீட்டு ரூம்ல கிடையாது.

ஏறுறது நாம விடுற கார்பன் டை ஆக்சைடு. அதே அடைச்ச ரூம்ல ஒரு ஆளு விடியறதுக்குள்ள 100 லிட்டர் கிட்ட விட்டுருவாரு, அது 3,500 பிபிஎம் (பத்து லட்சத்துல 3,500 பங்கு) ஏத்தும், வெளிக்காத்துல இருக்கிறது 420 சொச்சம்தான். ரெண்டு பேருன்னா டபுள். காலைல எந்திரிச்சா தலை கனமா இருக்குன்னு ஸ்பிலிட் ஏசி வீட்டுக்காரங்க சொல்றதுக்கு இது பெரிய காரணம், ஏன்னா ஸ்பிலிட் ஏசி உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்தி விடும், புதுக்காத்து எடுக்காது. இது தெரியாம ஏசியை சர்வீஸ் பண்ணச் சொல்லி கூப்புடுறவங்க நிறைய.

இப்ப செடிக் கணக்கை தாத்தா போடுங்க.

தாவரவியல்_தாத்தா

போட்டுருவோம். கொளுத்துற வெயில்ல நல்லா வேலை பாக்குற சாதாரணச் செடில ஒரு சதுர மீட்டர் இலை மணிக்கு சுமாரா 1 லிட்டர் ஆக்சிஜன் விடும். மேடம் வாங்குன தொட்டில ஆறு இலை, ஒவ்வொண்ணும் ரெண்டடி நீளம்னு வச்சா மொத்தம் 0.2 சதுர மீட்டர் தேறும். அதை வெயில்ல வச்ச மாமர இலை ரேஞ்சுக்குத் தூக்கிக் கணக்கு போட்டாலும் மணிக்கு 200 மில்லி. சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கு 250 மில்லி வேணும். அதாவது செடி ஒரு மணி நேரம் உழைச்சாலும் அம்மாவோட ஒரு நிமிஷ மூச்சுக்குக் காணாது. அதுவும் பகல்ல, அதுவும் வெயில்ல. வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்குல மத்தியான வெயில் 1 லட்சம், டியூப்லைட் போட்ட ரூம்ல 200, 300 லக்ஸ் இருந்தா அதிகம், அந்த வெளிச்சத்துல செடி தன் வயித்தைக் கழுவுறதே பெரும்பாடு.

ராத்திரி இழுக்கிற கார்பனும் அப்படித்தான், அந்த ஆறு இலை சேந்து அரை லிட்டர்கூட இழுக்காது. பாண்டி சொன்ன 100 லிட்டர் பக்கத்துல அது எங்க நிக்கும்?

இதே கணக்கு அத்தைக்கும் பதில். சாதாரணச் செடி ராத்திரி கார்பன் விடுறது நெசம்தான். 1779ல இங்கன்ஹவுஸ்னு ஒரு டச்சு டாக்டர் இதை எழுதிட்டார், பச்சை பாகம் வெயில்ல காத்தை நல்லதாக்குது, இருட்டுல கெடுக்குதுன்னு. அதுக்கு முன்னாடி 1771ல இங்கிலீஷ் விஞ்ஞானி ப்ரீஸ்ட்லி புதினாச் செடி காத்தைச் சரி பண்ணுதுன்னு கண்டுபிடிச்சிருந்தார், ஆனா வெளிச்சத்தோட பங்கைப் பிடிச்சது இங்கன்ஹவுஸ்தான். ஆனா கெடுக்கிற அளவு ரொம்பக் கொஞ்சம். பக்கத்துல படுத்திருக்கிற மனுஷன் விடுறதுல நூத்துல ஒரு பங்கு தொட்டிச்செடி விட்டா பெரிசு. செடிக்குப் பயந்தா முதல்ல புருஷனைத்தான் ஹால்ல படுக்க வைக்கணும். புளியமரம் திறந்த வெளில நிக்குது, காத்து அடிச்சுட்டுப் போயிரும், அங்க பேய்க்கு வேணா பயப்படலாம்.

ஃபார்வர்டு_மாமா

அப்ப நாசா சொன்னது பொய்யா?

தாவரவியல்_தாத்தா

நாசா ஆக்சிஜனைப் பத்திச் சொல்லவே இல்ல மாமா. 1989ல வுல்வர்டன்கிறவர் பண்ணது, பென்சீன், ஃபார்மால்டிஹைடு மாதிரி நச்சு வாயுவைக் காத்துப் புகாத சின்னப் பெட்டிக்குள்ள அடைச்சு, உள்ள செடியை வச்சு எவ்வளவு குறையுதுன்னு பாத்தார். பெட்டில குறைஞ்சுது. வீடு பெட்டி இல்ல. 2019ல இப்படி வந்த ஆராய்ச்சிகளை மொத்தமாச் சேத்துப் பாத்தவங்க, ஜன்னல் வழியா சாதாரணமா காத்து மாறுறதுக்குச் சமமா செடி வேலை பாக்கணும்னா ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10லேருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு கணக்கு போட்டுட்டாங்க. அப்புறம் கட்டிலை மொட்டை மாடிலதான் போடணும்.

உறையூர்_மாடி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அம்மா ரூம்ல ஜன்னலைத் திறந்து கொசுவலை அடிச்சாச்சு. பொண்ணு இப்ப இதை சயின்ஸ் எக்ஸிபிஷனுக்குப் பண்ணப் போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. அந்த ஹெய்ன் மாதிரி இலையை மென்னு பாக்கவான்னு கேக்குறா, நான் வேணாம்னுட்டேன். வீட்டுல செய்யற மாதிரி ஏதாவது இருக்கா?

லேப்_அக்கா

மெல்ல விடாதீங்க, ரணகள்ளி இலை மாடு நிறைய தின்னாலே இதயத்துக்கு ஆகாது, புள்ளைங்க வாயில வேண்டவே வேண்டாம். ஸ்நேக் பிளான்ட் சாறும் நமைக்கும், வீட்டுல பூனை இருந்தா அது கடிக்காம பாத்துக்கணும்.

பிஹெச் பேப்பர் சர்ஜிக்கல், லேப் சாமான் கடைல கிடைக்கும். சூரியன் வர்றதுக்கு முன்னாடி ரணகள்ளில ஒரு இலை கிள்ளி கொஞ்சம் தண்ணி விட்டு நசுக்கி பேப்பர்ல தொட்டு கலரை போட்டோ எடுத்து வச்சுக்கணும், அதே செடில சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னொரு இலை, அதே அளவு, அதே தண்ணி. பேப்பர் கிடைக்கலைன்னா செம்பருத்திப் பூவைச் சுடுதண்ணில ஊறப்போட்ட சாறு போதும், அமிலம் கூடுனா நல்ல சிவப்பாகும். முந்தின நாள் செடி நல்ல வெயில்ல நின்னிருக்கணும், இல்லன்னா ராத்திரி அமிலம் பண்ண உள்ள சரக்கு இருக்காது, ரிசல்ட் சொதப்பும். இன்னொரு தொட்டியை முழு நாளும் கருப்புத் துணியால மூடி வச்சு சாயங்காலம் அதையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அதுல புளிப்பு அவ்வளவா இறங்கியிருக்காது, ஜட்ஜ் கேக்குற கேள்விக்கு அதுதான் பதில்.

ஆக்சிஜனைக் கண்ணால பாக்கணும்னா வேலம்பாசி. மீன் தொட்டி விக்கிற கடைல கேட்டா குடுப்பாங்க. கண்ணாடி டம்ளர்ல தண்ணி, ஒரு சிட்டிகை ஆப்பசோடா, பாசித்தண்டை வெட்டுன முனை மேல பாக்குற மாதிரி தலைகீழா உள்ள விடுங்க. வெயில்ல வச்சா வெட்டுன முனைலேருந்து சின்னச் சின்னக் குமிழி கோர்த்த மாதிரி ஏறும். நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணி எழுதிட்டு, டம்ளரை அட்டைப்பெட்டியால மூடி கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்த உடனே பாருங்க, நின்னுருக்கும். திரும்ப வெயில் பட்டதும் ஆரம்பிக்கும். எக்ஸிபிஷன் ஹால்ல வெயில் இருக்காது, நல்ல எல்ஈடி பல்பு ஒண்ணு கொண்டு போங்க, பல்பைத் தள்ளி வைக்க வைக்க குமிழி குறையுறதையும் காட்டலாம். குண்டு பல்பு வேணாம், சூடு ஏறி தண்ணில கரைஞ்ச காத்தே குமிழியா வந்துரும், பாசி விட்டதுன்னு ஏமாந்துருவாங்க.

உறையூர்_மாடி

சூப்பர் அக்கா, வேலம்பாசி நாளைக்கே வாங்கிடுறேன். கடைசியா ஒண்ணு, அந்த ஸ்நேக் பிளான்ட்டை இப்ப பால்கனிக்கு மாத்திட்டேன், தினமும் தண்ணி ஊத்துறேன், ஆனா அடில ரெண்டு இலை கொழகொழன்னு ஆகி சாயுது. வெயில் ஒத்துக்கலையா?

கீரைக்கட்டு

வெயில் இல்லம்மா, தண்ணி. பகல் பூரா வாயை மூடிட்டிருக்கிற செடி எப்படி அவ்வளவு தண்ணி குடிக்கும், மண்ணுல நின்னு வேரு அழுகுது. அழுகுன பாகத்தை நல்ல பாகம் வர்ற வரைக்கும் அறுத்துப் போட்டுட்டு, மீதியை ரெண்டு நாள் நிழல்ல காயவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணுல நடுங்க. விரலை விட்டுப் பாத்து மண்ணு அடி வரைக்கும் காஞ்சாத்தான் தண்ணி, மழைக்காலத்துல அதுவும் வேண்டாம். ஈரமண்ணு பூஞ்சை பிடிச்சா அம்மா வீசிங்குக்கும் ஆகாது. மஞ்ச ஓரம் வச்ச ரகம்னா இலைத்துண்டுலேருந்து வர்ற கன்னுல மஞ்சள் வராது, வெறும் பச்சையாத்தான் வரும். மஞ்சள் வேணும்னா கிழங்கோட பிரிச்சு நடணும்.